முக்காலே மூணு வீசம்

மூணு பத்துக்கு மறுபடியும் படுத்துவிட்டது.
மாட்டுத்தாவணியில் அப்போதுதான் மூட்டை பிரிப்பார்கள்.
இலந்தைக்குளத்தில் நாங்கள் இரண்டு பேர்,
ஓடாத ஏ.சி.,
பூ விலை காட்டும் சர்வர் ஒன்று.
சாகவில்லை அது. பதிலும் சொல்லவில்லை.
சி.பி.யூ. மட்டும் நூறில் நின்று கொதிக்கிறது.

விடிந்தால் முகூர்த்தம்.
நானூறு ஃபோன்களில்
மல்லிகை கிலோ ஆயிரத்து நானூறிலேயே
உறைந்து கிடக்கிறது.

மூன்று ராத்திரியாக லாக் எழுதித்தான் தேடினோம்.
'இங்கே வந்தேன் 1'
'இங்கே வந்தேன் 2'
'அட, இங்கேயுமா'
ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, ஏற்றி, காத்திருந்து.
நானூறு பேரின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
எதிர்சேவைக் கூட்டத்தில்
ஒற்றைச் செருப்பைத் தேடின கதை.
எரர் வந்த நாட்களிலும்
யார் அனுப்பி வந்தாய் என்று கேட்டால்
அவெயிட்டைத் தாண்டினதும் பேச்சு மூச்சில்லை.

ஜெஸிந்தா போன வாரம்தான்
நோடைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தாள்.
"லாக்கை விடுக்கா. ஓடுறதையே பிடிச்சு நிறுத்தலாம்."
கட்டளையின் பெயர் என்னவோ கில்.
அவள் அதில் அனுப்பிய சிக்னல் கொல்லவில்லை,
தோளைத் தொட்டது.
டிபக்கர் உள்ளே போய் உட்கார்ந்தது.
நிறுத்து என்று ஒரு பொத்தான். அழுத்தினாள்.

சைக்கிள் கேரியரைப் பின்னாலிருந்து
யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி
ஒரு வரி, மஞ்சள் பூசி, அப்படியே நின்றது.
பக்கத்தில் ஒவ்வொரு பெயரும்
தன் மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு.
யாரை யார் கூப்பிட்டார்கள் என்ற வரிசை,
அவெயிட்டுக்கு அந்தப் பக்கமும் அறுபடாமல்:
விலைக் கணக்கு,
அதைக் கூப்பிட்ட ஏலம்,
அதைக் கூப்பிட்ட குரல் பதிவு,
அடியில் கடை 61, விற்பவர் ஒச்சம்மாள்.

எடை: நான்.

எண்ணே இல்லாத ஒன்றுக்கு
ஜாவாஸ்கிரிப்ட் வைத்த பெயர்;
எங்கள் வாயில் அது நான் என்றுதான் வரும்.
தனக்குத் தானே சமமில்லாத ஒரே மதிப்பு.
'முந்தின விலையும் இந்த விலையும்
ஒன்றாகும் வரை சுற்று'
இப்படி எழுதினவள் நான்தான், போன தை மாதம்.
நான் நானுக்குச் சமமாகவே இல்லை.
சுற்றிக்கொண்டே இருந்தது.

இன்னும் ஒரு படி மேலே ஏறினால்
அந்த அம்மா ஃபோனில் சொன்னது எழுத்தாக இருக்கிறது:
"முக்காலே மூணு வீசம்."

ஜெஸிந்தா சிரித்ததில் கீபோர்டெல்லாம் டீ.
பதினாறில் பதினைந்து.
பூஜ்யம் புள்ளி ஒன்பது மூன்று ஏழு ஐந்து.
தராசில் ஒரு வீசம் குறைந்ததை
ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.
பேசினால் பதியும் என்று
விளம்பரம் செய்தது நாங்கள்.

கால், அரைக்கால், வீசம் என்று
ஒரு பட்டியல் எழுதி இணைத்தோம்.
மாகாணியும் வீசமும் ஒன்றா வேறா என்று
நாலு மணிக்கு ஒரு சண்டை.
(ஒன்றுதான். அவள் ஜெயித்தாள்.)

கடை 61-க்கு ஃபோன் போட்டேன்.
"ஆப்பா? அது எப்பவோ படுத்துருச்சேம்மா.
பூ வித்துருச்சு. ஆயிரத்து அறுநூத்தம்பது.
அவுக பஸ் ஏறிட்டாக."
பின்னால் ஆள் ஆளுக்கு விலை கத்துகிறார்கள்,
எந்தச் சர்வரும் இல்லாமல்.

லாக் எல்லாம் அழித்துவிட்டோம்.
'அட, இங்கேயுமா' மட்டும்
எந்த ஃபைலில் ஒளிந்திருக்கிறதோ,
ராத்திரிக்கு ஒரு தடவை அச்சாகிறது இன்னும்.
பிடித்து நிறுத்திப் பார்க்கலாம். பார்க்கவில்லை.
டிக்கெட்டை மூடும்போது
எவ்வளவு முடிந்தது என்று ஒரு கட்டம் கேட்டது.
ஒச்சம்மாள் சொன்னதையே அடித்தேன்.
எண் மட்டும்தான் ஏற்கும் என்று
சிவப்பாக எழுதிக் காட்டியது.